புதுப்பிப்பு: எல்டிஓ பிழை எங்கள் நிரலில் இல்லை

மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால்களுக்கு முறைத் தண்ணீர் கணக்குப் போடும் எங்கள் நிரல், கம்பைலரை (எழுதிய நிரலை இயந்திரக் குறியீடாக மாற்றும் மென்பொருள்) புதுப்பித்ததும் லிங்க் ஆகாமல், அதாவது தனித்தனிக் கோப்புகள் ஒரே நிரலாக இணையாமல், நின்றதை முன்பு எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

எல்டிஓ (லிங்க் நேரத்தில் நிரலை வேகமாக்க மெருகேற்றும் கம்பைலர் வசதி) போட்டால் ஆப்ஜெக்ட் கோப்பில், அதாவது ஒரு கோப்பைக் கம்பைல் செய்தால் கிடைப்பதில், இடைநிலைக் குறியீடு இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து மெருகேற்றுவது லிங்க் நேரத்தில்தான். அதனால்தான் தனித்தனியாகக் கம்பைல் செய்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பழைய பதிப்பின் கோப்புகள் கலந்திருக்குமோ என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். அதே பிழை. முந்தைய கம்பைலரில் அதே நிரல் சுத்தமாக லிங்க் ஆகிறது. ஆக, பிழை புதிய கம்பைலரின் எல்டிஓவில்தான்.

சரி, இப்போதைக்கு எல்டிஓவை அணைத்துவிட்டோம். வேகம் கொஞ்சம் குறைவு, விடை சரி. ஜூன் 12 மேட்டூர் திறந்தால் கடைமடைக்காரர்களுக்கு அதுதான் முக்கியம். அப்புறம், பிழையை இரண்டே கோப்புகளாகச் சுருக்கி, கம்பைலரை உருவாக்குபவர்களுக்கு அனுப்பிவிட்டேன்.