எக்ஸ் கிளாஸ் என்ஜினை நீங்கள் பார்த்த நாள்: ஊட்டி மலை ரயில் அனுபவங்கள்

கல்லாறு ரசிகன்:
போன மாதம் மகளை மலை ரயிலில் கூட்டிப்போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குப் புறப்படும் வண்டி. வேண்டுமென்றே கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தோம். ஏறும்போது எக்ஸ் கிளாஸ், அதாவது இந்த மலைப்பாதைக்கென்றே செய்த நீராவி என்ஜின், பின்னால் நின்றுதான் தள்ளும், அதனால் நமக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர்தான்.

பாக்குத் தோப்பு வரைக்கும் சாதாரண ஓட்டம். கல்லாறு தாண்டியதும் வண்டி கிட்டத்தட்ட நின்றேவிடும். தண்டவாளங்களுக்கு நடுவே இரட்டைப் பல்பட்டை தொடங்கும் இடம் அது. ஒரு பட்டையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம், ஆகவே பிடி ஒருகணமும் விடாது. என்ஜினின் பல்சக்கரம் அதில் பதியும்போது இருக்கைக்கு அடியில் மெல்ல ஒரு இடி. அப்புறம் சத்தமே மாறிவிடும். அதுவரை சக்கரங்களை ஓட்டிய கீழ் சிலிண்டர்களோடு, பல்சக்கரத்துக்கான மேல் சிலிண்டர்களும் சேர்ந்துகொள்ளும். கீழே ஒருமுறை உழைத்த நீராவியேதான் மேலே போய் மறுபடி உழைக்கிறது. இரண்டும் ஒரே தாளத்தில் அடிக்காது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள், பிறகு கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். 12 அடிக்கு 1 அடி ஏற்றம் அது. உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்.

குன்னூர் பையன்:
என் அப்பா இந்த என்ஜின்களில் ஃபயர்மேனாக, அதாவது அடுப்புக்குக் கரி போடுபவராக, இருந்தவர். விடியும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார், பாயிலர் சூடேறி நீராவி கட்டவே பல மணி நேரம் ஆகுமே. திரும்பி வரும்போது கண் இமையில் கரி மை தீட்டியதுபோல இருக்கும். அம்மா சுடுதண்ணீரும் தேங்காய் எண்ணெயும் தயாராக வைத்திருப்பார்.

இவற்றுக்குத் தனித் தண்ணீர் வண்டி கிடையாது, தன் விலாவிலேயே தொட்டியைச் சுமக்கும் டேங்க் என்ஜின்கள். அதனால்தான் ஹில்குரோவ் போன்ற இடங்களில் நின்று நின்று தண்ணீர் குடித்துப் போகின்றன. பயணிகள் அந்த நேரத்தில் டீயும் வடையும் தேடுவார்கள். அப்பா மட்டும் நெருப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "எட்டு சக்கரத்துக்கும் நான்தான்டா சோறு போடுறேன்" என்பார்.

டிரைவர் பின்னால் இருப்பதால் முன்னால் பாதை தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் அதன் பிரேக்கைக் கவனிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முன்பெட்டியில் காட்டும் கொடி பெட்டிக்குப் பெட்டி கைமாறி டிரைவருக்கு வந்து சேரும். மழையில் நனைந்துகொண்டே நிற்பவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். என்ஜினைப் பற்றி எழுதும்போது அவர்களையும் எழுதுங்கள், தயவுசெய்து.

2000-களில் சில என்ஜின்களை எண்ணெய் எரிப்புக்கு மாற்றினார்கள். கரி அள்ளும் மண்வெட்டிச் சத்தம் போய்விட்டதே என்று அப்பாவுக்கு வருத்தம்தான். ஆனால் என்ஜின் மலை ஏறுவது நிற்கவில்லை என்றதும் சரி என்று சமாதானமானார்.

டெல்லித் தமிழன்:
டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்திலும் ஒரு எக்ஸ் கிளாஸ் நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்து கப்பலேறி வந்த இனம் இது, முதல் தொகுதி 1914-ல் தொடங்கியது. பெயின்ட் அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள். ஆனால் தொட்டேன், இரும்பு ஜில்லென்று இருந்தது. குன்னூரில் அதே வகை என்ஜினுக்கு இரண்டடி தள்ளி நின்றபோது முகமே காய்ந்தது. அந்தச் சூடுதான் எனக்கு என்ஜின்.

பொன்மலைவாசி:
அந்தச் சூட்டுக்கு எங்கள் ஊரும் ஒரு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாமா? பழைய என்ஜின்கள் தேய்ந்துகொண்டே வந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே அதே வடிவத்தில், எண்ணெய் எரித்து ஓடும் புதிய நீராவி என்ஜின் செய்தார்கள். முதலாவது 2011-ல் வெளியே வந்தது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதைக்கு இந்தக் காலத்தில் ஒரு நீராவி என்ஜினைப் புதிதாகச் செய்வது சின்ன வேலையா? உதிரிப் பாகம் கடையில் கிடைக்காது, வார்த்து, கடைந்து, பொருத்திப் பார்த்துத்தான் ஆகவேண்டும். புதியது என்றால் பாரம்பரியம் குறைந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். செய்யத் தெரிந்த கைகள் இருக்கின்றனவே, அதையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கல்லாறு ரசிகன்:
குன்னூர் பையன், உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடிக்கடி மூடிவிடும், அதனால் தை பிறந்ததும் மறுபடி போகிறோம். கடைசிப் பெட்டிதான் வேண்டும் என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள்.