எலுமிச்சை டார்ட்டின் ஓடு நமத்துப்போகிறது, வழி சொல்லுங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி என் வீடு. ஒரு மாதமாகச் சின்னச் சின்ன எலுமிச்சை டார்ட் (மைதா ஓட்டைச் சுட்டு, உள்ளே இனிப்பு நிரப்பும் பலகாரம்) செய்து பார்க்கிறேன். உள்ளே நிரப்புவது லெமன் கர்ட். பெயரைக் கேட்டதும் என் மாமியார் உறைமோரோடு வந்துவிட்டார். இது தயிரே இல்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கர்ட் இப்போது நன்றாகவே வருகிறது. முதல் முறை அலுமினியச் சட்டியில் கிண்டியதில் புளிப்போடு உலோக வாடையும் ஏறிவிட்டது. இப்போது கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, மஞ்சள் கரு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு மூன்றையும் கைவிடாமல் கிண்டுகிறேன். கரண்டியின் முதுகில் விரலால் இழுத்த கோடு கலையாமல் நின்றால் இறக்கி, வெண்ணெய் சேர்க்கிறேன்.

சிக்கல் ஓட்டில்தான். மைதாவில் பிசிறும்போதே இந்த வெக்கையில் வெண்ணெய் உருகி, மாவு சப்பாத்தி மாவாகிவிடுகிறது. சுட்டால் ஓரம் சுருங்கி உள்ளே விழுகிறது. தப்பிய ஓடுகளும் கடல் காற்றில் மாலைக்குள் நமத்த அப்பளம்தான். அல்வா மாதிரி இருக்கும் கீழக்கரைத் தொதலுக்கு இந்தக் கவலையே இல்லை, பொறாமையாக இருக்கிறது.

பிசைந்த மாவை ஃப்ரிட்ஜில் எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? வெறும் ஓட்டைச் சுடும்போது எடைக்குப் போடும் கொண்டைக்கடலையை எப்போது எடுப்பது? உட்புறம் வெள்ளைக் கரு தடவினால் ஈரம் இறங்காமல் இருக்குமா? கடற்கரையோரம் சுட்டுப் பழகியவர்கள் சொன்னால் நல்லது. ஏசி அறையில் செய்பவர்களின் பக்குவம் எனக்குச் சரிப்படவில்லை. வெள்ளிக்கிழமை பரமக்குடியிலிருந்து நாத்தனார் பிள்ளைகளோடு வருகிறார்.