உதவி தேவை: நள்ளிரவில் நங்கூரம் பிடி விட்டுவிடுகிறது (தெலுக் நிப்பா கடற்கரை, பங்கோர் தீவு, மலேசியா)

தாவார்_தம்பி
அனைவருக்கும் வணக்கம். மாசி மகத்தன்று பங்கோர் காளியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு சென்றுவிட்டு, இரவு நானும் மைத்துனரும் தெலுக் நிப்பாவில் நங்கூரமிட்டுப் படகிலேயே படுத்தோம். நள்ளிரவுக்குப் பின் உரசும் ஓசை கேட்டு எழுந்து பார்த்தால், படகு கியாம் தீவின் பாறைகளை ஒட்டி வந்திருந்தது. மாலையில் நன்றாகத்தான் பிடித்திருந்தது. மாத இறுதியில் பிள்ளைகளையும் அழைத்துச் செல்ல இருக்கிறேன். என்ன செய்வதென்று விரைவாகச் சொல்லுங்கள்.

லுமுட்_வாசி
தம்பி, படகு எத்தனை அடி, நங்கூரம் எந்த வகை, எவ்வளவு கயிறு விட்டீர்கள், அங்கே ஆழம் எவ்வளவு என்று எதையுமே சொல்லவில்லையே. இவை தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

கடற்காற்று
எனக்கு இது சுமாத்ரா காற்றின் வேலையாகத்தான் தோன்றுகிறது. விடியலுக்கு முன் மேற்கிலிருந்து திடீரென்று அடித்து, எந்த நங்கூரத்தையும் பெயர்த்துவிடும்.

லுமுட்_வாசி
அது பெரும்பாலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை வருவது. மாசியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். தெலுக் நிப்பா தீவின் மேற்குக் கரையில் இருப்பதால் மலையே அதை மறைத்துவிடும்.

பழைய_மாலுமி
நங்கூரம் பற்றி நான் இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் அவற்றைப் படித்திருக்கலாம். நங்கூரத்தின் எடையை நம்பிப் படுப்பவர்கள் கடலை அறியாதவர்கள். ஜி. ஐ. டெய்லர் என்ற அறிவியலாளர் 1933-இல் உழுகலப்பை வடிவில் ஒரு நங்கூரம் அமைத்ததே, அது தரைக்குள் புதைந்து பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். எடை துணைக்குத்தான், பிடிப்பது வடிவமும் கயிற்றின் சாய்வும்.

தாவார்_தம்பி
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 18 அடி ஃபைபர் படகு. மடக்கக்கூடிய நான்கு விரல் நங்கூரம். சங்கிலி ஒரு மீட்டர், கயிறு 15 மீட்டர். மாலையில் ஆழமானி 3 மீட்டர் காட்டியது, எழுந்தபோது 5. தூக்கிப் பார்த்தபோது கயிறு ஒரு விரலில் இரண்டு சுற்று சுற்றியிருந்தது.

லுமுட்_வாசி
கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. நம் மேற்குக் கரையில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றமும் வற்றமும் மாறும். நீரோட்டம் திரும்பும்போது படகு நங்கூரத்தைச் சுற்றி வர, தளர்ந்த கயிறு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விரலில் சிக்கி, அடுத்த இழுப்பில் நங்கூரத்தைத் தலைகீழாகப் பிடுங்கிவிடும். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால், ஏற்றவற்றம் மிகுந்திருக்கும் நாள்களில் ஒன்றில் நீங்கள் தங்கியிருக்கிறீர்கள். படகின் முனை நீருக்கு மேல் ஒரு மீட்டர் என்று கொண்டால், மாலையில் 4 மீட்டருக்கு 15 மீட்டர் கயிறு ஓரளவு தாங்கியிருக்கும்; இரவில் அதே கயிறு 6 மீட்டருக்கு இரண்டரை மடங்குதான். உச்ச நீர்மட்டத்தைக் கணக்கிட்டு ஐந்து முதல் ஏழு மடங்கு, அதாவது 30 முதல் 42 மீட்டர் விட வேண்டும். கலப்பை வகை நங்கூரமும், படகின் நீளத்துக்குக் குறையாத சங்கிலியும் வாங்குங்கள். போட்டதும் இயந்திரத்தை மெதுவாகப் பின்னோக்கி இயக்கி இறுக்குங்கள். கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னே ஒரு கூரையையும் நேர்க்கோட்டில் பார்த்து வைத்துக்கொண்டால், விலகியதும் தெரிந்துவிடும்.

கடற்காற்று
இவ்வளவு சிரமம் எதற்கு? அங்கே மிதவைகள் இருக்கின்றனவே, ஒன்றில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

வலைக்காரர்_மகள்
ஐயா, அவற்றில் பல மீனவர்களுடையவை. விடியற்காலையில் வலையோடு திரும்பிய என் தந்தை, தம் மிதவையில் உல்லாசப் படகொன்று கட்டியிருந்ததால் நீரோட்டத்தில் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்திருக்கிறார். அடியில் உள்ள கயிறு மெலிந்ததா, கல் எவ்வளவு கனம் என்பதெல்லாம் போட்டவருக்குத்தான் தெரியும்.

கடற்காற்று
ஆபத்து நேரத்தில் யார் கட்டினாலும் தவறில்லை என்றுதான் நான் நினைக்கிறேன், அம்மா.

வலைக்காரர்_மகள்
ஆபத்து வேறு, தூக்கம் வேறு. கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. கேட்காமல் கட்டுவதைத்தான் சொல்கிறேன்.

பழைய_மாலுமி
விளக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்குப் போக்குவரத்து இல்லாத இடத்தில் விதிவிலக்கு உண்டு என்றாலும், சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றை உயரே ஏற்றிவிட்டுப் படுப்பதே முறை. தேசிய நீர்ப்பரப்பாய்வு மையத்தின் ஏற்றவற்ற அட்டவணையையும் வாங்கிப் பாருங்கள்.

தாவார்_தம்பி
நன்றி அண்ணே, நன்றி அக்கா. கலப்பை நங்கூரம், 6 மீட்டர் சங்கிலி, 40 மீட்டர் கயிறு வாங்கி நேற்றிரவு தங்கினோம். மரமும் கூரையும் விடியும்வரை விலகவில்லை. ஆனால் படகு சுற்றும் வட்டம் பெரிதாகிவிட்டதால் அருகிலிருந்த படகை நெருங்கினோம். பொழுது இருட்டுவதற்குள் இன்னும் வெளியே தள்ளிப் போட வேண்டியதாயிற்று.