பட்டுப்புடவை செலக்‌ஷனை சேவ் செய்வதா, லேயர் மாஸ்க்கே போதுமா?

மாடவீதி ஆல்பம்:
மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். மண்டபத்து எல்ஈடி வெளிச்சத்தில் மணப்பெண்ணின் அரக்குப் புடவை ரோஸாக விழுந்திருக்கிறது. பெண்ணின் அம்மா புடவையையே கட்டைப்பையில் கொண்டுவந்து மேஜைமேல் விரித்து, "இந்தக் கலர் வரணும்" என்கிறார். போட்டோஷாப்பில் புடவையை செலக்ட் செய்து நிறத்தை மாற்றினால் ஜரிகையும் சேர்ந்து சிவக்கிறது. இன்னும் ரெண்டு தடவையாவது மாற்றச் சொல்வார் போலிருக்கிறது. செலக்‌ஷனை சேவ் செய்து வைக்கவா, லேயரின் எந்தப் பகுதி தெரியணும் என்று காட்டும் லேயர் மாஸ்க்கே போதுமா? குவிக் மாஸ்க்கில் (பிரஷ்ஷால் தடவியே செலக்ட் செய்யும் முறை) மடிப்புகளை லேசான பிரஷ்ஷால் தடவினால், எந்தப் பிக்சலும் 50 சதவீதத்துக்கு மேல் தேர்வாகவில்லை என்று எச்சரிக்கை வேறு வருகிறது.

கிண்டி கேமரா:
மாஸ்க் போதும் பாஸ். சேவ் செலக்‌ஷன் பக்கமே நான் போவதில்லை.

திருவல்லிக்கேணி பழசு:
தம்பி, ரெண்டும் ஒரே சரக்குதான். சேவ் செய்த செலக்‌ஷன் சேனல்ஸ் பேனலில் ஆல்பா சேனலாக, அதாவது ஒரு கறுப்பு வெள்ளைப் படமாக உட்காரும். லேயர் மாஸ்க் லேயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளை என்றால் தேர்வு, கறுப்பு என்றால் இல்லை, நடுவில் சாம்பல். 8 பிட் படத்தில் மொத்தம் 256 படிகள்.

அந்த எச்சரிக்கைக்குப் பயப்படாதே. செலக்ட் செய்ததும் விளிம்பில் ஓடுகிற புள்ளிக்கோடு பாதிக்கு மேல் தேர்வான இடத்தைத்தான் சுற்றும். நீ லேசாகத் தடவியது கோட்டில் தெரியாது, ஆனால் வேலை செய்யும். குவிக் மாஸ்க்கில் தேர்வாகாத இடத்தை மூடுகிற சிவப்பு, நாங்கள் ஆஃப்செட் அச்சு வேலைக்கு மறைப்பாகக் கையால் வெட்டிய ரூபிலித் பிலிமின் சிவப்பு. அந்த பிலிமில் சாம்பலே கிடையாது. வெட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை!

இனி ஜரிகை. படத்தின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார். சிவப்பில் பட்டும் ஜரிகையும் ரெண்டுமே வெளிச்சமாக இருக்கும், உதவாது. பச்சையில் பட்டு இருண்டு ஜரிகை பளிச்சென்று நிற்கும். அந்தப் பச்சை சேனலை நகலெடுத்து, லெவல்ஸில் கறுப்பை இன்னும் கறுப்பாக, வெள்ளையை இன்னும் வெள்ளையாக இறுக்கு. மடிப்பு பளபளக்கிற இடங்களும் வெள்ளையாக வரும், அவற்றைக் கறுப்பு பிரஷ்ஷால் அடித்துவிடு. அப்புறம் புடவை செலக்‌ஷனை லோட் செய்து, இந்த நகலின் சிறு படத்தில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்திக் கிளிக் செய். ஜரிகை கழிந்துவிடும். மிஞ்சிய தேர்வு இருக்கும்போதே நிறம் மாற்றும் ஹியூ சாச்சுரேஷன் லேயர் போட்டால் மாஸ்க் தானாக வரும். அந்த அம்மா எத்தனை தடவை வந்தாலும் ஸ்லைடரை மட்டும் நகர்த்து.

ஒரே லேயரோடு முடிகிற வேலைக்கு கிண்டிக்காரர் சொல்வதுதான் சரி. இப்படிக் கூட்டிக் கழிக்கிற வேலைக்கு சேவ் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஃபெதர் போட்டு (விளிம்பை மென்மையாக்கி) சேவ் செய்யாதே, விளிம்பு கூர்மையாகவே இருக்கட்டும். மாஸ்க்கின் ப்ராப்பர்டீஸில் ஃபெதர் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். பெயரும் வை: 'புடவை', 'ஜரிகை'. 'ஆல்பா 7' என்று விட்டால் அடுத்த மாதம் உனக்கே புரியாது.

மாடவீதி ஆல்பம்:
நன்றி அண்ணா, பச்சை சேனலில் ஜரிகை சூப்பராகப் பிரிந்தது. ஃபைல் ரொம்பப் பெருக்குமா? இதே செலக்‌ஷனை அடுத்த போட்டோவிலும் போடலாமா?

திருவல்லிக்கேணி பழசு:
24 மெகாபிக்சல் படத்தில் ஒரு சேனல் விரிந்த நிலையில் 24 எம்பி அளவு. பெரும்பகுதி வெறும் கறுப்பு வெள்ளை என்பதால் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலில் நன்றாகச் சுருங்கிவிடும். டிஃப்பிலும் தங்கும், ஜேபெக்கில் தங்காது. அடுத்த போட்டோ பிக்சல் அளவில் ஒன்றாக இருந்தால் லோட் ஆகும்தான். ஆனால் அந்தப் பெண் ஒரு அடி நகர்ந்திருந்தாலும் பொருந்தாது, புதிதாகத்தான் செலக்ட் செய்யணும்.

ஓஎம்ஆர் ஜிம்ப்:
இலவச மென்பொருளான ஜிம்ப்பிலும் இதே வழிதான். செலக்ட் மெனுவில் 'சேவ் டு சேனல்' இருக்கும். ஜிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள்.