டிவி யூஎஸ்பியிலிருந்தே ஸ்டிக்குக்கு கரண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: மேலத்தெரு

வணக்கம். படுக்கையறையில் 32 இன்ச் எல்சிடி டிவி சுவரில் மாட்டியிருக்கிறது. 2012 மாடல், ஸ்மார்ட் டிவி கிடையாது. பேனல் 1366x768. பின்னால் இரண்டு ஹெச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி. ஒரு ஹெச்டிஎம்ஐ செட்டாப் பாக்ஸுக்குப் போய்விட்டது. இன்னொன்றில் ஃபயர் டிவி ஸ்டிக் (இன்டர்நெட்டிலிருந்து படம் எடுத்து டிவியில் காட்டும் அமேசானின் சின்னக் கருவி) போட்டு, அப்பா அம்மா சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், யூடியூப் பார்க்கும்படி செய்து தர வேண்டும்.

டிவி பக்கத்தில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்தான். ஸ்டிக்குக்கான கரண்டை டிவியின் யூஎஸ்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா? போர்ட்டின் மேல் 5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று அச்சாகியிருக்கிறது. ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, நடுவில் இரண்டு செங்கல் சுவர். 4கே ஸ்டிக் தேவையா, ஹெச்டி போதுமா? ஆன்லைனில் மலிவாக வரும் ஆண்ட்ராய்டு பாக்ஸ் பரவாயில்லையா?

பதில்: மின்கம்பி

வேண்டாம். ஸ்டிக்கோடு வரும் அடாப்டர் 5 வோல்ட், 1 ஆம்பியர். உங்கள் டிவி கொடுப்பது அதில் பாதி. மெனுவில் சும்மா நிற்கும்போது ஒன்றும் தெரியாது. படம் ஓடத் தொடங்கி வைஃபையும் வீடியோ டிகோடரும் ஒரே நேரத்தில் கரண்ட் இழுக்கும்போதுதான் வோல்ட்டேஜ் இறங்கும். ஸ்டிக் தானாக ரீஸ்டார்ட் ஆகும், இல்லையென்றால் லோகோவிலேயே நின்றுவிடும். கேபிள் நீளமாகவும் மெல்லிசாகவும் இருந்தால் இன்னும் மோசம். கம்பியிலேயே கொஞ்சம் வோல்ட்டேஜ் போய்விடும். ஒரிஜினல் அடாப்டரைப் பயன்படுத்தச் சொல்லித் திரையில் ஒரு அறிவிப்பு வந்தால், அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

யூஎஸ்பியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான டிவிகளில் டிவியை அணைத்ததும் யூஎஸ்பிக்கும் கரண்ட் நின்றுவிடும். அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஸ்டிக் முதலிலிருந்து பூட் ஆக வேண்டும். ராத்திரியில் தானாக நடக்க வேண்டிய அப்டேட்டும் நடக்காது. பகலில் பெரியவர்கள் படம் பார்க்க உட்காரும்போது அது ஆரம்பிக்கும். பாதியில் கரண்ட் போனால் வீண் தலைவலி.

ஒரே பாயின்ட் என்றால் ஒரு நல்ல ஸ்பைக் கார்டு வாங்கி, டிவி, செட்டாப் பாக்ஸ், ஸ்டிக் மூன்றையும் அதில் கொடுங்கள். அடாப்டர் வயர் கண்ணில் படக்கூடாது என்றால் ஓரத்தில் ஒரு பிவிசி கேசிங் ஒட்டினால் முடிந்தது.

பதில்: பூரணி_எஸ்

எந்த ஸ்டிக் என்பதற்கு: உங்கள் பேனலில் 4கே படத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனால் 2023-ல் வந்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே-யில் ராம் 2 ஜிபி, சாதாரண ஹெச்டி ஸ்டிக்கில் 1 ஜிபி. ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். விலை வித்தியாசம் ஆயிரத்துக்குள் வந்தால் ராமுக்காக 4கே எடுங்கள், படத்துக்காக அல்ல. பெயரை மட்டும் கவனமாகப் படியுங்கள். 4கே செலக்ட் என்பது வேறு மாடல். அதில் ராம் 1 ஜிபிதான், ஓடுவது வேகா என்ற வேறு சிஸ்டம். ஆண்ட்ராய்டு ஆப்களை வெளியிலிருந்து எடுத்துப் போட முடியாது.

பழைய லைட் மாடல் விலை குறைவாகக் கிடைத்தாலும் பெரியவர்களுக்கு வேண்டாம். அதன் ரிமோட்டில் டிவியை ஆன் செய்யவோ சத்தத்தைக் கூட்டவோ பட்டன் இல்லை. கையில் இரண்டு ரிமோட் வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற மாடல்களில் ஒரே ரிமோட் போதும்; முதல் முறை செட்டப்பில் டிவி பிராண்டைக் கேட்கும், அதைச் சரியாகக் கொடுத்தால் சத்தம் வேலை செய்யும். டிவி மெனுவில் ஹெச்டிஎம்ஐ-சிஇசியையும் (ஹெச்டிஎம்ஐ வழியாக ஸ்டிக்கும் டிவியும் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். சாம்சங்கில் அதற்குப் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ரிமோட்டில் ஹோம் அழுத்தினாலே டிவி ஆன் ஆகி அந்த இன்புட்டுக்கு மாறிவிடும்.

சந்தாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். மொபைலுக்கு மட்டும் என்ற பிளான்கள் டிவியில் ஓடாது. நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் பிளான் அப்படிப்பட்டது. ஸ்டிக் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதில்: ஆன்டெனா76

மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ் பக்கமே போகாதீர்கள். அட்டையில் எத்தனை ஜிபி ராம் அச்சடித்திருந்தாலும் பார்க்க வேண்டியது வைட்வைன் எல்1 இருக்கிறதா என்பது. வைட்வைன் என்பது படத்தைக் காப்பி எடுக்கவிடாமல் காக்கும் கூகுளின் பூட்டு; எல்1 அதில் உயர்ந்த நிலை, எல்3 கீழ்நிலை. எல்3 மட்டும் இருந்தால் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் போகாது, பாக்ஸ் 4கே என்றாலும் அதே கதிதான். கூகுள் சான்றிதழ் இல்லாத பாக்ஸில் பிளே ஸ்டோரில் நெட்ஃபிளிக்ஸே கிடைக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்து பாதுகாப்பு. பேட்பாக்ஸ் 2.0 என்ற மால்வேர் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் அது வாங்கும்போதே உள்ளே இருக்கும், அல்லது செட்டப்பில் ஆப் இறக்கும்போது நுழையும். பிறகு உங்கள் வீட்டு இன்டர்நெட் வழியாக வேறு யாரோ வேலை பார்ப்பார்கள். எல்லாச் சேனலும் வாழ்நாள் இலவசம் என்று சொல்லி விற்கிற பாக்ஸ் என்றால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

வைஃபை: இரண்டு செங்கல் சுவர் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் தேய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேரும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதிலேயே கூடியிருக்கும். ரவுட்டரில் 2.4-க்கு சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் வைத்து, சேனல் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்டிக் வரும் பெட்டியில் ஒரு சின்ன ஹெச்டிஎம்ஐ எக்ஸ்டென்டர் வரும். அதைப் பலர் பிரிக்காமலே வைத்துவிடுகிறார்கள். சுவரில் மாட்டிய டிவியின் தகட்டுக்குப் பின்னால் ஸ்டிக் மாட்டிக்கொண்டால் வைஃபையும் ரிமோட்டின் புளூடூத்தும் இரண்டுமே தவிக்கும். எக்ஸ்டென்டர் போட்டு ஓரமாக வெளியே இழுத்து விட்டாலே பாதி பிரச்சினை போய்விடும்.

வேகத்தைப் பார்க்க, செட்டிங்ஸில் நெட்வொர்க் போய் உங்கள் வைஃபை பெயர் மேல் நின்று பிளே/பாஸ் பட்டனை அழுத்தினால் ஸ்பீடு டெஸ்ட் இருக்கும். 1080பி-க்கு நெட்ஃபிளிக்ஸ் சொல்வது 5 எம்பிபிஎஸ். டிவி இருக்கும் இடத்தில் இரவு ஒன்பது மணிக்கு அதைவிட நன்றாகக் கூடுதலாக வந்தால் கவலை இல்லை. வராவிட்டால் ரிப்பீட்டர் வாங்குவதற்கு முன் ஒரு லேன் கேபிள் இழுக்க முடியுமா பாருங்கள். ஸ்டிக்குக்கென்று ஈதர்நெட் அடாப்டர் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ்தான், படத்துக்கு அதுவே தாராளம்.

மேலத்தெரு

எல்லோருக்கும் நன்றி. ஸ்பைக் கார்டு போட்டுவிடுகிறேன். டேட்டா எவ்வளவு ஆகும்? பக்கத்துத் தெருவில் சித்தப்பா வீட்டில் பழைய பெட்டி டிவிதான், மஞ்சள் சிவப்பு வெள்ளை பின்கள் மட்டும். அதிலும் ஸ்டிக் போடலாமா?

பதில்: ஆன்டெனா76

ஹெச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை என்று கணக்கு வையுங்கள். தினம் 4 மணி நேரம் என்றால் மாதம் 360 ஜிபி. ஃபைபர் இணைப்பில் பிரச்சினை இல்லை. தினம் 2 ஜிபி தரும் போன் ஹாட்ஸ்பாட்டில் ஹெச்டி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஆப்பில் தரத்தைக் குறைத்தால் மணிக்கு சுமார் 1 ஜிபியில் ஓட்டலாம்.

பதில்: மின்கம்பி

பெட்டி டிவிக்கு ஹெச்டிஎம்ஐயை ஏவி (அந்த மஞ்சள் சிவப்பு வெள்ளை பின்) ஆக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் இரண்டு வகை பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்குவதை வாங்கிவிட்டால் எதுவும் வராது, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. அதற்கும் தனியாக 5 வோல்ட் கொடுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டாலோ கன்வெர்ட்டரின் பக்கத்தில் இருக்கும் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள்; இவை பழைய டிவிகளின் இரண்டு சிக்னல் முறைகள். முகங்கள் ஒல்லியாக நீண்டு தெரிந்தால், அகலத் திரைப் படம் 4:3 திரைக்குள் நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். டிவி மெனுவில் 16:9 இருந்தால் அதைப் போடுங்கள். யூடியூப் ஓடி, கட்டண ஆப்களில் மட்டும் திரை கறுப்பானால் அந்தக் கன்வெர்ட்டர் ஹெச்டிசிபியை (காப்பி எடுக்கவிடாமல் காக்கும் ஹெச்டிஎம்ஐ பூட்டு) ஏற்கவில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். மெனு எழுத்து பொடிப்பொடியாகத்தான் தெரியும், அதற்கு மருந்து இல்லை.

பதில்: பூரணி_எஸ்

2012 டிவியில் முதல் நாளே வரக்கூடிய இரண்டு விஷயம். படம் தெரிந்து சில ஆப்களில் மட்டும் சத்தம் இல்லையென்றால், டால்பி சிக்னலை டிவி புரிந்துகொள்ளவில்லை. செட்டிங்ஸ், டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ், ஆடியோ, சரவுண்ட் சவுண்ட் போய் பிசிஎம் (டால்பி இல்லாத சாதாரண ஆடியோ) வையுங்கள். நான்கு ஓரமும் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் முதலில் டிவியின் சொந்த ரிமோட்டில் படஅளவை ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட்டுக்கு மாற்றுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் மட்டும் ஸ்டிக்கின் காலிபிரேட் டிஸ்ப்ளே. செருகியதும் திரையே கறுப்பாக இருந்தால் ரிமோட்டில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்டையும் சேர்த்து 5 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ரெசல்யூஷன் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும்; படம் தெரிந்ததும் யூஸ் கரன்ட் ரெசல்யூஷன் என்பதை ஓகே செய்யுங்கள்.