காப்பர்பேண்ட் வருகிறது: எங்கள் குடும்பக் குழுவில்

*இரவு*

கார்த்திக்: மாமா, நாளை காலை என் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை என்ற கடல் மீன் வருகிறது. பெங்களூரில் இன்று இரவு பையில் அடைத்து பஸ்ஸில் போடுகிறார்கள். வந்ததும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கச் சொல்கிறார் கடைக்காரர்.

முரளி மாமா: வேண்டாம்டா. கொளத்தூரில் வாங்கி அரை மணியில் வீட்டுக்கு வரும் மீனுக்கு அது சரி. ராத்திரி முழுக்க மூடிய பையில் கிடந்த மீனுக்கு ஆகாது.

ரேவதி அத்தை: மெதுவாகப் பழக்கினால் நல்லதுதானே?

முரளி மாமா: பைக்குள் மீன் மூச்சு விட விட கார்பன் டை ஆக்சைடு சேரும், பிஎச் இறங்கும், அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடும். பிஎச் குறைவாக இருக்கும்வரை கழிவு பெரும்பாலும் அமோனியமாக இருக்கும், அவ்வளவு கெடுதல் இல்லை. பையை வெட்டியதும் அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும். அமோனியம் அமோனியாவாக மாறும், அதே தண்ணீர் விஷமாகிவிடும். அதில் ஒரு மணி நேரம் வைத்தால் செவுள் போய்விடும்.

கார்த்திக்: அப்போ உப்பு அளவு மாமா? என் தொட்டியில் ஒப்படர்த்தி 1.025.

முரளி மாமா: பெரிய தொட்டியில் விடாதே. கடைத் தண்ணீர் என்ன அளவு என்று இப்போதே கேட்டு, புது மீனை முதலில் தனியே வைக்கும் தனிமைத் தொட்டியை அதே அளவுக்குக் கொண்டு வா. உப்பு கொஞ்சம் குறைந்தால் மீன் தாங்கும், சட்டென்று ஏறினால் தாங்காது.

கார்த்திக்: 1.021 என்கிறார். ஆர்ஓ தண்ணீர் சேர்த்துக் குறைத்துவிடுகிறேன். பெரிய தொட்டியின் சம்பில் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) ஊறிக்கொண்டிருந்த ஸ்பான்ஜ் ஃபில்டரையும் தனிமைத் தொட்டிக்கு மாற்றிவிட்டேன்.

அம்மா: ராத்திரி பஸ்ஸில் வந்து பிழைக்குமா? பாவம்.

முரளி மாமா: ஆக்சிஜன் அடைத்து தெர்மாகோல் பெட்டியில் வைத்தால் தாங்கும் அக்கா.

*காலை*

கார்த்திக்: பெட்டி வந்துவிட்டது. மூச்சு வேகமாக வாங்குகிறது.

முரளி மாமா: ரூம் லைட்டை அணை. பையை மூடியபடியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடு. அப்புறம் வெட்டியதும் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு பார். அளவு ஒத்துப்போனால் உடனே மாற்று. வலை வேண்டாம், முதுகு முள் மாட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளு. பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது.

கார்த்திக்: 1.021 சரியாக இருந்தது. விட்டாச்சு. பிவிசி குழாய்க்குப் பின்னால் நிற்கிறது.

அம்மா: படத்தில் பின்பக்கமும் ஒரு கண் தெரிகிறதே?

முரளி மாமா: அது கண் இல்லை அக்கா, கருப்புப் புள்ளி. துரத்தி வரும் பெரிய மீன் அதைத் தலை என்று நினைத்துக் கடிக்கும். நிஜக் கண் தலையில் ஆரஞ்சுப் பட்டையில் மறைந்திருக்கும்.

*மாலை*

கார்த்திக்: துகள் தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முரளி மாமா: பார்க்காது. பாறை இடுக்கில் மூக்கை நீட்டிக் கொத்தும் மீன் அது. காசிமேட்டு மட்டி ஃப்ரீசரில் இருக்கிறதா? ஓட்டைப் பிளந்து, சதை ஓட்டோடு ஒட்டியபடியே அடியில் வை. நீ தள்ளி நில்.

கார்த்திக்: மாமா!! வந்து கொத்துகிறது. சதையைப் பிய்த்து இழுக்கிறது.

ரேவதி அத்தை: அப்பாடா.

முரளி மாமா: அருமைடா! ராத்திரிக்குள் மிச்ச மட்டியை எடுத்துவிடு, அமோனியா ஏறும். நாளையிலிருந்து உப்பை ஒரு நாளைக்கு 0.001 மட்டும் ஏற்று. வெள்ளைப் புள்ளி நோய் வருகிறதா என்று நாலு வாரம் பார்த்த பிறகுதான் பெரிய தொட்டி. காலையில் அமோனியா டெஸ்ட் செய்து இங்கே போடு.