‘ஃப்ளை’, ‘ஃப்ளீ’ இரண்டும் ஒரே வேரா? உதவுங்கள்

ஆங்கிலத்தில் பறப்பதைக் குறிக்கும் ‘ஃப்ளை’ பற்றி சொல்வரலாற்றுக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன், இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். பறத்தல், ஈ, கால்சட்டையின் முன்பக்கத் திறப்பு எல்லாம் ஒரே குடும்பம் என்பது வரை சரி. தப்பி ஓடுவதைச் சொல்லும் ‘ஃப்ளீ’தான் தொல்லை.

பழைய ஆங்கிலத்தில் பறப்பது ‘ஃப்லேயோகன்’, ஓடுவது ‘ஃப்லேயோன்’. ஆனால் இறந்தகாலப் பன்மையில் இரண்டுமே ‘ஃப்லுகோன்’ என்று வந்து நிற்கின்றன, படிப்பவன் எதைப் பிடிப்பது? ஜெர்மனையும் பார்த்தேன், அங்கே ‘ஃப்ளீகன்’, ‘ஃப்ளீஹன்’ என்று தனித்தனியாகவே இருக்கின்றன, அப்புறம் இவற்றுக்கு உறவான, இன்று வழக்கொழிந்த பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ஓடுவது ‘த்லியுஹன்’, அதாவது முதல் எழுத்தே வேறு. இதுதான் என்னைக் குழப்பியது. மூன்று அகராதிகளைப் புரட்டிவிட்டேன், இரண்டும் காலப்போக்கில் கலந்துவிட்டன என்பதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது (கலந்தது எனக்கும் தெரிகிறதே!).

ஜெர்மானிய மொழிகள் படித்தவர்கள் சொல்லுங்கள்: கோதிக்கின் அந்த ‘த்ல’ தொடக்கத்தை மட்டும் வைத்து, இவை தொடக்கத்திலிருந்தே வேறு வேறு வேர்கள் என்று எழுதிவிடலாமா?